உயிரணுவுக்குள் ஒரு பட்டுப்புடவை

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள், குவெம்புநகரில் இருக்கும் என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, பையனோட ரிப்போர்ட் வந்திடுச்சு. குடல்ல இன்ஃப்ளமேஷனாம். க்ரோன்ஸ் டிசீஸ்னு போட்டிருக்காங்க. நான் போட்ட சாப்பாட்டுனாலயா அண்ணா? இல்ல, நம்ம குடும்பத்து ரத்தத்துலயே ஏதாவது இருக்கா? அப்பாவுக்கும் அம்பத்திரெண்டு வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்துச்சே!" என்று அழுதாள்.

முப்பது வருஷம் உயிரியல் பாடம் நடத்தியவன் நான். ஆனாலும் அன்று அவளுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் படித்த காலத்திலும், பாடம் நடத்திய காலத்தின் பெரும்பகுதியிலும், மரபணு என்றால் மாலையில் கோத்த மணிகள்போல வரிசையாக இருப்பது, ஒரு மணி கெட்டால் ஒரு நோய், அவ்வளவுதான். என் மருமகனின் நோய்க்கும் என் அப்பாவின் நோய்க்கும் இந்த மணிமாலைப் பாடத்தில் விடை கிடையாது. விடை இருக்கும் இடமே வேறு. அது மாலையின் மணிகளில் இல்லை, மாலை எப்படி மடிந்து கிடக்கிறது என்பதில் இருக்கிறது. கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் தெளிவான விஷயம் இது. ஓய்வு பெற்றபின் உட்கார்ந்து படித்ததை, தங்கைக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

மலரில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் ஒருவருக்கு நீண்டநாள் நோய் வந்துவிட்டால் முதல் பழி ஊர்த் தண்ணீர் மேல் விழும், இரண்டாவது அம்மாவின் சமையல் மேல், மூன்றாவது "உங்க பக்கத்து ரத்தம்" மேல். மூன்றாவதுதான் வீட்டையே இரண்டாக்கிவிடும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இன்ஃப்ளமேஷனைத் தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. கன்னட மீடியத்தில் படிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் 'உரியூத' என்பார்கள். உரி என்றால் எரிதல், ஊத என்றால் வீக்கம். நாம் "கால் ஊதிப்போச்சு" என்கிறோமே, அதே ஊதல்தான். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் தீ மூட்டுவதைத்தான் குறிக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பவர் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று இதற்கு நான்கு அடையாளங்களை எழுதி வைத்தார். இன்றைக்கும் மருத்துவக் கல்லூரியில் முதல் பாடம் அதுதான்.

இந்தத் தீ கெட்டது அல்ல. அடுப்பில் இருக்கும்வரை அதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில் மெச்னிகோவ் என்ற ரஷ்ய அறிஞர், நட்சத்திரமீனின் கண்ணாடிபோன்ற குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் கூட்டமாக வந்து மொய்த்திருந்தன. நம் உடம்பிலும் அப்படித்தான். முள் குத்தினாலோ கிருமி நுழைந்தாலோ முதலில் ஓடிவருவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு. ரத்தத்தின் வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் இவைதான். கூடவே மேக்ரோபேஜ் என்ற பெருவிழுங்கிகளும் சேர்ந்துகொள்ளும். இவை கிருமியை விழுங்குவதோடு நிற்பதில்லை, மற்ற அணுக்களைக் கூவி அழைக்கும் ரசாயனங்களையும் உண்டாக்கும். அவற்றில் ஒன்றின் பெயர் டி.என்.எஃப். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது கேள்வி. டி.என்.எஃப். உண்டாக்கும் மரபணு பெருவிழுங்கியில் மட்டுமா இருக்கிறது? இல்லை. மூளையின் அணுவிலும் இருக்கிறது, கால் பெருவிரல் தோலிலும் இருக்கிறது. எல்லா அணுவிலும் ஒரே புத்தகம்தான். அப்படியிருக்க, ஆபத்து வந்த அரை மணிக்குள் பெருவிழுங்கி மட்டும் சரியான பக்கத்தைத் திறந்து எப்படி வாசிக்கிறது? வேலை முடிந்ததும் எப்படி மூடுகிறது? மூட மறந்தால் என்ன ஆகும்?

அதற்கு அந்தப் புத்தகம் இருக்கும் கோலத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அணுவிலும் உள்ள டி.என்.ஏ. நூலை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு. இந்தக் கணக்கு மனசில் பதியாது. ஆகவே உட்கருவை ஒரு நல்ல எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்போம். அப்போது நூலின் நீளம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர், அதாவது இங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போகும். கனம் எவ்வளவு என்றால், பட்டுப்பூச்சி நூற்கும் ஒற்றை இழையளவுதான். மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் வரை நீளும் பட்டிழையைச் சிக்கு விழாமல் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடைக்க வேண்டும். அடைத்தபிறகும் எந்த இடம் கேட்டாலும் உடனே எடுத்துத் தர வேண்டும்.

முதல் சுற்று, ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளின்மேல். ஒவ்வோர் உருளையிலும் 147 எழுத்து நீளம் சுற்றியிருக்கும். இப்படிச் சுற்றிய நிலைக்கு குரோமாட்டின் என்று பெயர். இந்தத் துறையை நம் நாட்டில் வளர்த்தவர்களில் ஒருவர் 1948-ல் இதே மைசூரில் பிறந்த எம்.ஆர்.எஸ். ராவ் என்பது நமக்குப் பெருமை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும், பிறகு ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்திலும் இருந்து, விந்தணு உருவாகும்போது இந்தச் சுருள் எப்படி மேலும் இறுகுகிறது என்று பல்லாண்டு ஆராய்ந்தார். 2010-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2023-ல் காலமானார். இந்த ஊரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

உருளையில் சுற்றியது போக, அடுத்தது மடிப்பு. இங்கேதான் நான் தங்கையிடம் பீரோவைத் திறக்கச் சொன்னேன். மைசூர் சில்க் புடவை ஒன்று, ஐந்தரை மீட்டர். விரித்துப் போட்டால் முந்தானை ஒரு கோடியில், உள்முனை மறுகோடியில். மடித்து வைத்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். நீளத்தில் தூரம், மடிப்பில் பக்கம். டி.என்.ஏ.வின் ரகசியமும் இதேதான்.

மொத்தம் 320 கோடி எழுத்துள்ள நம் டி.என்.ஏ.வில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. அவை பிடிக்கும் இடமோ நூற்றுக்கு இரண்டு பங்கு கூட வராது. மீதியெல்லாம் குப்பை என்றே நாங்கள் மாணவர்களுக்குச் சொன்னோம். தவறு. அந்த மீதியில் லட்சக்கணக்கான சிறு பகுதிகள் சுவிட்சுகளாக வேலை செய்கின்றன. 'என்ஹான்சர்' என்று பெயர். தூண்டுபகுதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு தூண்டுபகுதி தன் மரபணுவிலிருந்து பல லட்சம் எழுத்து தள்ளி இருக்கும், இடையில் வேறு மரபணுக்கள் கூட இருக்கும். மடிப்புதான் இரண்டையும் அருகில் கொண்டுவருகிறது. புடவையை வேறு மாதிரி மடித்தால் வேறு இரண்டு இடங்கள் சேரும். தோலின் அணுவும் பெருவிழுங்கியும் ஒரே புடவையை வேறுவேறு விதமாக மடித்து வைத்திருக்கின்றன.

மடிப்பது யார்? கோஹெசின் என்ற மோதிர வடிவப் புரதம். நல்ல பட்டை மோதிரத்துக்குள் விட்டு இழுப்பது போல, இந்த மோதிரம் டி.என்.ஏ. நூலைத் தனக்குள் இழுத்து இழுத்து ஒரு வளையமாக நீளவிடுகிறது. எதுவரைக்கும்? சி.டி.சி.எஃப். என்ற இன்னொரு புரதம் உட்கார்ந்திருக்கும் இடம் வரைக்கும். கொசுவம் வைக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் ஊக்கு குத்துகிறார்களே, அந்த ஊக்குதான் சி.டி.சி.எஃப். ஊக்குக்கும் ஊக்குக்கும் இடைப்பட்ட கொசுவத்துக்குள் இருக்கும் சுவிட்சும் மரபணுவும் தங்களுக்குள் அதிகம் உறவாடும், அடுத்த கொசுவத்தோடு குறைவாக. இத்தகைய பெரிய கொசுவங்கள் குரோமோசோம் முழுக்க இருப்பது 2012-ல் வெளியாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத மடிப்பை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று என் மருமகன் கேட்டான். பீரோவில் பூச்சி அரித்த பழைய புடவை ஒன்று இருந்தது. மடித்த நிலையில் பூச்சி ஒரே இடத்தில்தான் துளை போட்டது. பிரித்துப் பார்த்தால் ஏழெட்டு இடத்தில் ஓட்டை. எந்தெந்த ஓட்டை ஒரே வடிவில் இருக்கிறதோ, அந்த இடங்களெல்லாம் மடிப்பில் ஒன்றாக இருந்தவை என்று தெரிந்துகொள்ளலாம். 2009-ல் வந்த 'ஹை-சி' என்ற முறையும் ஏறக்குறைய இந்தத் தத்துவம்தான். அணுவை ஃபார்மலினில் போட்டு உறையவைத்து, நூலைத் துண்டு துண்டாக வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் முனைகளை ஒட்டவைத்து, எதோடு எது ஒட்டியிருக்கிறது என்று எழுத்து எழுத்தாக வாசிக்கிறார்கள். கோடிக்கணக்கான ஜோடிகள் கிடைத்ததும் கணினி மடிப்பை வரைந்து தருகிறது.

இனி அழற்சிக்கு வருவோம். கிருமியின் வாசனை பட்டதும் அணுவுக்குள் செய்தி கொண்டு ஓடும் தூதுவன் ஒருவன் உண்டு. பெயர் என்.எஃப். கப்பா பி. அமெரிக்காவில் டேவிட் பால்டிமோரின் ஆய்வகத்தில் இருந்த ரஞ்சன் சென் அவரோடு சேர்ந்து 1986-ல் இதைக் கண்டுபிடித்தார். சாதாரண நாளில் இந்தத் தூதுவன் உட்கருவுக்கு வெளியே, இன்னொரு புரதத்தின் பிடியில் கட்டுண்டு கிடப்பான். ஆபத்துச் செய்தி வந்ததும் காவல்புரதம் அழிக்கப்படும். தூதுவன் சில நிமிஷங்களில் உட்கருவுக்குள் நுழைந்து தூண்டுபகுதிகளில் போய் உட்காருவான்.

அவன் உட்கார்ந்தபிறகுதான் மடிப்பு உண்டாகிறதா, அல்லது முன்பே தயாராக இருக்கிறதா? 2013-ல் அமெரிக்காவில் பிங் ரென் குழுவினர் மனித அணுக்களில் டி.என்.எஃப். விட்டுப் பார்த்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், தூண்டுபகுதியும் மரபணுவும் பெரும்பாலும் ஏற்கெனவே தொட்டுக்கொண்டுதான் இருந்தன. நம் அரண்மனை விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு லட்சத்தை நெருங்கும் பல்புகள் ஒரே நொடியில் எரிகின்றன. ஏழு மணிக்கா எலக்ட்ரீஷியன் வந்து ஒயர் இழுக்கிறார்? ஒயர் எல்லாம் எப்போதோ இழுத்து வைத்தாயிற்று. ஸ்விட்ச் மட்டும்தான் பாக்கி.

அவர்கள் பார்த்தவை திசுவின் சாதாரண அணுக்கள். போர்வீரனான நியூட்ரோஃபிலின் கதை கொஞ்சம் வேறு. இதன் உட்கரு உருண்டையாக இல்லாமல் மூன்று நான்கு இதழ்களாகப் பிளந்திருக்கும். இதன் ஆயுதங்கள் ஆபத்தானவை, தவறுதலாக வெடித்தால் நம் திசுவே சேதமாகும். அதனால் அழற்சி மரபணுக்களை உட்கருவின் அமைதியான, வாசிப்பு நடக்காத பகுதியில் மடித்துப் பூட்டி வைத்திருக்கிறது. சான் டியாகோவில் கார்னெலிஸ் முர்ரே குழுவினர் மனித நியூட்ரோஃபில்களுக்கு ஈ.கோலை பாக்டீரியாவைக் காட்டினார்கள். மூன்று மணி நேரத்துக்குள் அந்த மரபணுக்கள் பூட்டிய பகுதியை விட்டு, வாசிப்பு நடக்கும் பகுதிக்கு இடம் மாறிவிட்டன. அதே சமயத்தில் தூண்டுபகுதிகளில் எல்லாம் கோஹெசின் மோதிரங்கள் வந்து குவிந்தன. 2020-ல் வெளியான ஆய்வு இது. அந்த மரபணுக்களில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அவை இருக்கும் இடம் மாறியது, மடிப்பு மாறியது, அவ்வளவுதான்.

மடிப்பு வெறும் அலங்காரமாகவும் இருக்கலாமே என்று சந்தேகப்படுவது நியாயம். அதற்கும் சோதனை நடந்திருக்கிறது. பார்சிலோனாவில் தாமஸ் கிராஃப் குழுவினர் பி-அணுவைப் பெருவிழுங்கியாக மாற்றும் வித்தை தெரிந்தவர்கள். அவர்கள் ஊக்குப் புரதமான சி.டி.சி.எஃப்.பை நீக்கிவிட்டு அதே மாற்றத்தைச் செய்து பார்த்தார்கள். கொசுவமெல்லாம் குலைந்தது. ஆனாலும் பெருவிழுங்கி உருவாகிவிட்டது! ஊக்கே வேண்டாமோ என்று தோன்றும். பிறகு பாக்டீரியாவின் பொருளைக் காட்டினார்கள்; பெருவிழுங்கியின் அழற்சிப் பதில் மந்தமாகிவிட்டது. மெதுவாக நடக்கும் வேலைக்கு மடிப்பு குலைந்தாலும் சமாளிக்கலாம், அவசரத்துக்கு முடியாது. கோஹெசின் இல்லாத பெருவிழுங்கிகளும் இப்படியே தடுமாறுகின்றன என்று அதற்கு முன்பே, 2018-ல், லண்டனில் கண்டிருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு தென்னாப்பிரிக்கரான மூசா மிலாங்கா குழுவினருடையது, 2019-ல் வந்தது. வெள்ளையணுக்களை அழைக்கும் சில மரபணுக்கள் ஒரே கொசுவத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதே கொசுவத்தில் புரதம் எதுவும் செய்யாத ஓர் ஆர்.என்.ஏ. உண்டாகிறது. மடிப்பின் தயவால் அது அந்த மரபணுக்களின் அருகிலேயே இருந்து, அவற்றைத் 'தயார் நிலை'யில் வைக்க உதவுகிறது. அந்த ஆர்.என்.ஏ.வுக்கு அவர்கள் வைத்த பெயர் 'உம்லிலோ'. ஜூலு மொழியில் நெருப்பு என்று பொருள். தமிழும் கன்னடமும் லத்தீனும் சொன்னதையே ஜூலுவும் சொல்கிறது. சுண்டெலியின் அதே கொசுவத்தில் உம்லிலோ இல்லை. அதைச் செருகியபோது எலியின் அணுக்களும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டன. எலிக்குப் பலித்த மருந்து மனிதனுக்கு ஏன் சில சமயம் பலிப்பதில்லை என்பதற்கு இது ஒரு சிறு உதாரணம்.

எதிரிக்கும் இந்த மடிப்பு தெரியும். கொரோனா வைரஸ் புகுந்த மனித அணுக்களில் மடிப்பே கலைந்துபோவதை ஹூஸ்டன் ஆய்வாளர்கள் 2023-ல் காட்டினார்கள். பல கொசுவங்களிலிருந்து கோஹெசின் காணாமல் போகிறது. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் தளர்ந்துபோக, அழற்சி மரபணுக்களின் வாசலில் மட்டும் செயல்பாட்டின் அடையாளக்குறிகள் கூடுகின்றன.

இப்போது என் அப்பாவுக்கு வருகிறேன். 2007-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் மாரடைப்பு வந்தவர்கள், வராதவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, ஒன்பதாவது குரோமோசோமில் 9பி21 என்ற இடம் தனித்துத் தெரிந்தது. அந்த இடத்தில் போய்ப் பார்த்தால் மரபணுவே இல்லை. வெறும் பாலைவனம். ஐரோப்பிய வம்சத்தவரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்த ஆபத்து எழுத்தின் இரண்டு பிரதிகளும் உண்டு என்றும் தெரிந்தது. மரபணு இல்லாத இடம் மாரடைப்பை எப்படிக் கூட்டும்?

2011-ல் கலிபோர்னியாவிலிருந்து 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை ஒன்று விடையின் ஒரு பகுதியைத் தந்தது. அதை எழுதியவர்களில் முக்கியமான ஒருவர் டிம்பிள் நொட்டானி. பிறகு அவர் இந்தியா திரும்பி, பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் மையத்தில் தூண்டுபகுதிகளைப் பற்றித்தான் ஆய்வு நடத்தி வருகிறார். நம் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். அந்தப் பாலைவனத்தில் 33 தூண்டுபகுதிகள் இருப்பதை அக்கட்டுரை கண்டது. ரத்தக்குழாயின் உட்சுவர் அணுக்களில் அந்த இடம் மடிந்துபோய்த் தொலைவில் உள்ள பல மரபணுக்களைத் தொடுகிறது. இன்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிச் செய்தியை விட்டபோது அந்தத் தொடுதல்கள் மாறின. ஆபத்து எழுத்து இருந்தால் தூதுவப் புரதம் ஒன்று அங்கே சரியாக உட்கார முடிவதில்லை. மாரடைப்பை ஏதோ குழாயில் கொழுப்பு அடைக்கும் வேலை என்று மட்டும் நினைக்கிறோம். குழாயின் சுவரில் புகையும் அழற்சிக்கும் அதில் பங்கு உண்டு.

மருமகனின் விஷயம் இதைவிட நேரடி. 21-வது குரோமோசோமிலும் அப்படி ஒரு பாலைவனம். குடல் அழற்சி, முதுகெலும்பு இறுகும் வாதம், பித்தக்குழாய் அழற்சி, பெருந்தமனியைத் தாக்கும் தகாயாசு நோய் என்று வேறுவேறு டாக்டர்கள் பார்க்கும் நோய்கள் எல்லாம் அந்த ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டின. ஏன் என்று பல ஆண்டுகள் புரியவில்லை. 2024 ஜூனில் லண்டன் கிரிக் ஆய்வு நிறுவனத்தின் ஜேம்ஸ் லீ குழுவினர் முடிச்சை அவிழ்த்தார்கள். அந்த இடம் பெருவிழுங்கியில் மட்டும் வேலை செய்யும் ஒரு தூண்டுபகுதி. மடிப்பின் மூலம் அது தொடுவது 2 லட்சத்து 90 ஆயிரம் எழுத்துக்கு அப்பால் இருக்கும் ஈ.டி.எஸ்.2 என்ற மரபணுவை. நேராக நீட்டினால் இந்தத் தூரம் உட்கருவின் குறுக்களவைப்போல் பத்து மடங்குக்கு மேல் வரும். மடிப்பு இல்லாமல் அந்த இரண்டும் சந்திக்கவே வழியில்லை. ஆபத்து எழுத்து இருந்தால் சுவிட்ச் கொஞ்சம் பலமாக அழுந்துகிறது, ஈ.டி.எஸ்.2 கூடுகிறது. அது கூடினால் பெருவிழுங்கியின் அழற்சி வேலைகள் அனைத்தும் கூடுகின்றன. அமைதியான பெருவிழுங்கியில் இந்த ஒரு மரபணுவை மட்டும் செயற்கையாகக் கூட்டியபோதே, அது க்ரோன்ஸ் நோயாளியின் குடலில் காணும் பெருவிழுங்கியைப்போல் ஆகிவிட்டது.

இங்கேதான் தங்கையின் கேள்விக்குப் பதில். "ரத்தத்துல இருக்கா" என்றாளே, ஆமாம், இருக்கலாம். ஆனால் அந்த எழுத்து ஐரோப்பியர்களில் பெரும்பான்மையோரிடம் இருக்கிறது. அவர்களில் மிகப்பெரும்பாலோருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருவதே இல்லை. அது எந்தக் குடும்பத்தின் சாபமும் அல்ல, மனித குலத்தில் மிகப் பழைய காலம் முதல் பரவியிருக்கும் ஒரு சாதாரண எழுத்து வேறுபாடு. கிருமிகள் மலிந்த காலத்தில் தீயைச் சீக்கிரம் மூட்டத் தெரிந்தவன் பிழைத்திருப்பான் என்று ஊகிக்கலாம். நோய் வர இதோடு இன்னும் பல எழுத்துகளும், குடலின் நுண்ணுயிர்களும், சூழலும் சேர வேண்டும். அவள் போட்ட ரசம் சாதம் குற்றவாளி அல்ல. "மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா நம்ம பக்கமா" என்ற விசாரணைக்கும் அர்த்தம் கிடையாது. இதைச் சொன்னதும் அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க மாமியாருக்கு இதைக் கன்னடத்துல ஒரு தடவை சொல்லுங்க அண்ணா" என்றாள். அவள் மாமியார் மண்டியா பக்கத்துக்காரர். சொன்னேன்.

மருந்து? இப்போது அவனுக்குப் போடுவது டி.என்.எஃப்.பைப் பிடித்து அடக்கும் ஊசி. க்ரோன்ஸ் நோய்க்கு இந்த வகை ஊசியை 1998-ல் அமெரிக்காவில் முதலில் அனுமதித்தார்கள். போடுவதற்கு முன் காசநோய்க் கிருமி உடம்பில் உறங்குகிறதா என்று கண்டிப்பாகச் சோதிப்பார்கள். காசநோயைக் கட்டிப்போட்டு வைத்திருப்பதும் இதே டி.என்.எஃப். நெருப்புதான், அதை அணைத்தால் உறங்கும் கிருமி எழுந்துவிடும். நம் நாட்டில் இந்தச் சோதனையை "அதெல்லாம் எதுக்கு" என்று தட்டிக் கழிக்கவே கூடாது. லண்டன் குழுவினர் இன்னொன்றும் செய்தார்கள். புற்றுநோய்க்கு ஏற்கெனவே பயன்படும் 'மெக் தடுப்பான்' என்ற வகை மருந்து ஈ.டி.எஸ்.2-வின் வேலையை அடக்கும் என்று கணித்து, நோயாளிகளின் குடலிலிருந்து எடுத்த திசுவில் விட்டுப் பார்த்தார்கள், அழற்சி தணிந்தது. ஆனால் அந்த மருந்துக்கு மற்ற உறுப்புகளில் பக்கவிளைவு உண்டு. பெருவிழுங்கிக்குள் மட்டும் போய்ச் சேருமாறு செய்ய முடியுமா என்று பார்க்கிறார்கள்.

"அப்போ மஞ்சள்?" என்று தங்கை கேட்காமல் இருப்பாளா! அவள் கேட்டதில் நியாயம் உண்டு. தூண்டுபகுதி வேலை செய்ய, அங்குள்ள ஹிஸ்டோன் உருளைகளில் அசிட்டைல் என்ற சிறு குறியை ஒட்டித் தளர்த்த வேண்டும். ஒட்டும் நொதிகளில் முக்கியமானது பி300. பெங்களூர் ஜவஹர்லால் நேரு மையத்தில் தபஸ் குண்டு குழுவினர் இந்த நொதியைத் தடுக்கும் பொருள்களை நம் தோட்டத்திலேயே தேடினார்கள். 2003-ல் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலிருந்து ஒன்று, 2004-ல் மங்களூர்ப் பக்கம் சர்பத் போடும் புனர்புளியிலிருந்து ஒன்று, அதே 2004-ல் மஞ்சளின் குர்குமின். பி300-ஐக் குர்குமின் தடுப்பதைச் சோதனைக்குழாயில் காட்டினார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை.

ஆனால் சோதனைக்குழாய் வேறு, வயிறு வேறு. நாம் சாப்பிடும் குர்குமினில் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகமிகச் சொற்பம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்தான பைபரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு சுமார் இருபது மடங்கு கூடியது. மஞ்சளோடு மிளகு சேர்க்கும் நம் வழக்கத்துக்கு இதைச் சாட்சியாகப் பலர் மேடையில் சொல்கிறார்கள். நான் சொல்லத் தயங்குவேன். சொற்பத்தின் இருபது மடங்கும் சொற்பம்தான். குர்குமின் பல பரிசோதனைகளில் பொய்யான நல்ல பலன் காட்டும் தன்மை உடையது என்று வேதியியலாளர்கள் 2017-ல் கடுமையாகவே எழுதினார்கள். பைபரின் சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு என்று அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஊர் செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கிவரும் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மஞ்சளும் மிளகும் எத்தனையோ ஆண்டு ஆராயப்பட்டிருக்கின்றன, அவை நல்ல உணவுப்பொருள்கள். ரசத்தில் போடும் மஞ்சள் ரசத்தில் இருக்கட்டும், டாக்டர் எழுதிய ஊசிக்குப் பதிலாக மஞ்சள் மாத்திரை மட்டும் வேண்டாம் என்றேன்.

"சரி, ரசம் வைக்கலாம்ல?" என்றாள். காரம் குறைத்து வைக்கச் சொன்னேன். அடுத்த ஊசி வரும் வியாழக்கிழமை; நான்தான் கூடப் போகிறேன்.